தகட்டு விளிம்பில் ஒரு குருசு

1

அருளப்பு அண்ணை இறந்து ஒரு வருடமாகிவிட்டது. ஆண்டுத் திருப்பலிக்கென்று நானும் மகள் அனிற்றாவும் நோர்வேயிலிருந்து எங்கள் கடற்கரை ஊரான குருநகருக்கு வந்து நிற்கிறோம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணையின் வீட்டு முன் அறையில்தான் எங்களுக்குப் படுக்கை. அறை மூலையில் அவருடைய வலைகள் கட்டிப் போட்டபடியே கிடக்கின்றன. அண்ணையின் மனைவி, எனக்கு மச்சாள், அவற்றை ஒருவருக்கும் கொடுக்க மனமில்லாமல் வைத்திருக்கிறா.

எங்களைப் போன்றவர்கள் ஊருக்கு வந்தால் என்ன எழுதுவோம் என்று உங்களுக்குத் தெரியும். பனியில் பட்ட பாட்டை எழுதுவோம். பிள்ளைகள் தமிழை மறந்துபோனார்கள் என்று மூக்கைச் சிந்துவோம். கடைசியில் ஒடியல் கூழ் குடித்துக் கண் கலங்குவோம். நானும் அப்படி எழுதியவன்தான். கோயில் மலரில் என் படத்தோடு வந்தது. அதைத் திரும்ப எழுத எனக்கு இப்போது முகம் இல்லை. இது சொந்தப் பிள்ளைக்கு முன்னால் நிமிர்ந்து பார்க்க முடியாமல் வெட்கிப்போய் நிற்கிற ஒருவனின் குறிப்பு.

2

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். அது விளங்காவிட்டால் என் வெட்கமும் விளங்காது.

நோர்வேக்குப் போன புதிதில் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் நின்றேன். நாள் முழுக்க மீன் வெட்டுவதுதான் வேலை. அண்ணைக்கு அது பெரிய பகிடி. "மீன் வெட்ட ஏன்டா உவ்வளவு தூரம் போனனி? பாசையூர்ச் சந்தையிலை நிண்டு வெட்டியிருக்கலாமே" என்று தொலைபேசியில் சிரிப்பார். பிறகு மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊருக்கு மாறி, அலுமினியத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். என் தலை நரைத்தது அங்கேதான்.

நாங்கள் செய்வது வெல்டிங். ஆனால் ஊரில் இரும்புக் கேற் அடிக்கிற கடைகளில் பார்க்கிற வெல்டிங் இல்லை. பொறி பறக்காது, புகை வராது, கண்ணுக்கு முகமூடி தேவையில்லை. இரண்டு அலுமினியத் தகடுகளை விளிம்போடு விளிம்பாகப் பொருத்தி, அசையாமல் கவ்விகளால் இறுக்குவோம். மேலிருந்து உருக்கு முளை ஒன்று வேகமாகச் சுழன்றுகொண்டு அந்தப் பொருத்துக்குள் இறங்கும். உராய்வுச் சூட்டில் அலுமினியம் உருகாது. இளகி மட்டும் வரும். முளை அதைக் கிண்டிக்கொண்டே முன்னால் நகர, பின்னால் இரண்டு தகடும் ஒன்றாகிவிடும். இதை அண்ணைக்கு விளக்கி முடித்தபோது அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நீ அங்கை தொதல் கிண்டிறாய்" என்றார். தேங்காய்ப்பாலில் மாவும் சர்க்கரையும் போட்டு இறுகும்வரை கிண்டுகிற இனிப்பு அது. இதைவிடச் சரியாக என் வேலையை ஒருவரும் இதுவரை சொன்னதில்லை.

தொதல் போலவே இதற்கும் பக்குவம் உண்டு. முளை மிக வேகமாக நகர்ந்தால் சூடு போதாது; மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே எலி வளை போல ஓட்டை ஓடும். மெதுவாகப் போனால் சூடு கூடி, விளிம்பில் அலுமினியம் பிதுங்கும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பொருத்து துப்புரவாக இருக்க வேண்டும். தூசி, ஈரம், எண்ணெய், கையின் பிசுக்கு எதுவும் ஆகாது. விளிம்புகளை ஸ்பிரிட்டால் துடைத்துத்தான் மேசைக்கு அனுப்புவார்கள். கையுறை இல்லாமல் எவனாவது விளிம்பைத் தொட்டால் நான் கத்துவேன். புதியவர்களுக்கு அந்தப் பாடத்தை எடுக்கிறவனும் நான்தான். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முறை வேலை தொடங்கும்போதும் முதல் தகட்டின் தொடக்க நுனியில் ஒரு துண்டை அறுத்து எடுத்து, லாடம் போல வளைத்துப் பார்ப்பார்கள். வெடிக்காமல் வளைந்தால் வேலை தொடரும். வெடித்தால் அந்தத் தகடு ஒதுக்கப்படும், மெசின் நிற்கும், எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நாங்கள் ஒட்டுகிற தகடுகள் பயணிகள் கப்பல்களின் தளத்துக்குப் போகின்றன. அதனால் அதில் விளையாட்டு இல்லை.

மெசினைப் பற்றி என்ன கேட்டாலும் நோர்வே மொழியில் சொல்லுவேன். ஆனால் அண்ணை இறந்த அன்று, "அண்ணன் இறந்துவிட்டார், லீவு வேண்டும்" என்பதற்கு மேல் அந்த மொழியில் எனக்கு ஒரு சொல் வரவில்லை. எங்கள் பகுதிப் பொறுப்பாளர் தூரே என் தோளில் கை வைத்தான். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

3

அனிற்றா பிறந்தபோது பெயர் பதிகிற இடத்தில் பெரிய இழுபறி. என்னுடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக இருப்பது என் தகப்பனாரின் பெயர். மகளுக்கு எங்கள் வழக்கப்படி என் பெயரைக் கொடுத்தேன். அப்படியானால் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் ஏன் வேறு வேறு குடும்பப் பெயர், இந்தப் பிள்ளை உன்னுடையதுதானா என்று கேட்காத குறையாகக் கேட்டார்கள். ஒவ்வொரு அலுவலகத்திலும் அதையே விளக்கி விளக்கி வாய் வலித்துப்போனது. கடைசியில் அவள் அனிற்றா பெனடிக்ற் ஆனாள்.

அவள் பெயர் மட்டும்தான் என்னோடு ஒட்டியிருக்கிறது என்று பிறகு பல வருடம் நினைத்தேன். நான் தமிழில் கேட்க, அவள் நோர்வே மொழியில் பதில் சொல்லுவாள். பதின்ம வயதில் பூசைக்கு வருவதை நிறுத்தினாள். செபமாலை சொல்லும் நேரத்தில் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு இருப்பாள். இவள் எங்களுடையவள் இல்லை என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அவளுடைய காது கேட்கத்தான் சொன்னேன்.

உலோகங்களைப் பற்றிப் படித்துப் பட்டம் பெற்று, எல்லா ஊரையும் விட்டு, என் தொழிற்சாலைக்கே பொறியியலாளராக வந்து சேர்ந்தாள். வெல்டிங்கின் தரத்தைக் கூட்டுவது அவளுடைய பொறுப்பு. முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதன்பிறகுதான் நிரந்தரம். அலுவலகக் கதவில் 'அனிற்றா பெனடிக்ற்' என்று எழுதி ஒட்டினார்கள். நான் வேலை உடுப்போடு அந்தக் கதவைக் கடந்து போகும்போதெல்லாம் என் பெயரை ஒருதரம் வாசிப்பேன். பெருமையாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. மகள் எனக்கு மேலே வந்து நின்று, எத்தனை வேகத்தில் முளையை ஓட்ட வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தருவாள் என்பதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

4

அண்ணை கடலுக்குப் போகமுன் ஒரு காரியம் செய்வார். கடற்கரையில் குகை போலக் கட்டிச் சுருவம் வைத்த ஒரு அந்தோனியார் கெபி இருக்கிறது. அதன் விளக்கில் எரிகிற தேங்காய் எண்ணெயில் கொஞ்சத்தை ஒரு சின்னப் போத்தலில் எடுத்து வைத்திருப்பார். படகின் அணியத்தில், அதாவது முன்நுனியில், பெருவிரலால் அந்த எண்ணெயைத் தொட்டு ஒரு குருசு, சிலுவை அடையாளம், போடுவார். அதற்குப் பிறகுதான் எஞ்சினில் கை வைப்பார். மரப் படகு போய் பைபர் படகு வந்தபோதும் அது மாறவில்லை. குருநகரில் இது புதினமான பழக்கமும் இல்லை.

போன வருடம் அடக்கம் முடிந்து நான் திரும்பும்போது மச்சாள் அந்தப் போத்தலை என் கையில் தந்தா. அரைவாசி எண்ணெய் இருந்தது. "அண்ணை விட்டிட்டுப் போனது. நீங்கள் வைச்சிருங்கோ தம்பி" என்றா. அதை வேலை உடுப்பின் மேல் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். முதல் நாள் மெசினுக்கு முன்னால் நின்றேன். தகடுகளைப் பொருத்தி, கவ்விகளை இறுக்கி, பெருவிரலை எண்ணெயில் தொட்டு, முளை இறங்குகிற அந்த நுனியில் ஒரு குருசு போட்டேன். பிறகு மெசினைத் தட்டினேன். அன்றிலிருந்து என் ஒவ்வொரு வேலைநாளும் அப்படித்தான் தொடங்கியது.

எண்ணெய் ஆகாது என்று எனக்குத் தெரியாதா? பாடம் எடுக்கிறவனே நான்தானே. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அது எண்ணெய் என்று என் புத்தியில் ஏறவே இல்லை. எனக்கு அது அண்ணையாக இருந்தது.

மச்சாளோடு கதைத்தபோது, அங்கேயும் அண்ணை மாதிரிக் குருசு போட்டுத்தான் தொடங்குகிறேன் என்று சொன்னேன். அவ மறுமுனையில் அழுதா. எனக்கு நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதுபோல இருந்தது.

5

கொஞ்ச நாளில் வளைத்துப் பார்க்கும் துண்டுகள் வெடிக்கத் தொடங்கின. எல்லா நாளும் இல்லை, ஆனால் அடிக்கடி. பெரும்பாலும் காலை வேலைமுறையில், முதல் தகட்டில். அனிற்றா வேலைக்குச் சேர்ந்து, முளையின் சுழற்சியையும் நகரும் வேகத்தையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த காலமும் அதுதான்.

அவள் எதைத்தான் செய்து பார்க்கவில்லை. முளையை மாற்றினாள். அதன் சாய்வை மாற்றினாள். காலைக் குளிரில் மெசின் சூடேறவில்லையோ என்று கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டாள். வெடித்த துண்டுகளை அறுத்து, மினுக்கி, பூதக்கண்ணாடிக்குக் கீழே பார்த்தாள். பொருத்தின் நடுவில் மயிர் போன்ற ஒரு கறுப்புக் கோடு. இரண்டு தகடும் தொட்டுக்கொண்டிருந்தன, ஆனால் ஒட்டவில்லை. ஏன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வீட்டில் சாப்பிடும்போதும் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

இதை ஆராயவென்று ஒரு கூட்டம் வைத்தார்கள். தூரே என்னைப் பார்த்து, மெசினோடு கனகாலம் நிற்கிறவன் நீ, என்ன நினைக்கிறாய் என்று கேட்டான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கதிரையில் சாய்ந்துகொண்டு, இவள் வருமுன் இந்த மெசினில் துண்டு வெடித்ததே இல்லை, இந்த வேகமெல்லாம் புத்தகத்தில் படித்த வேகம், புத்தகத்தில் தகடு ஒட்டாது என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அனிற்றாவின் காது மடல்கள் சிவந்துபோயின. அவளுடைய தகுதிகாண் காலத்தில், அவளுடைய மேலதிகாரி இருக்க, அவளைப் பெற்றவன் சொன்ன வார்த்தை அது. அவள் எல்லாவற்றையும் பழைய வேகத்துக்கே மாற்றினாள். துண்டுகள் அதற்குப் பிறகும் வெடித்தன. நான் சொன்னது பிழை என்று அதிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வீட்டில் அவள் வேலையைப் பற்றி என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள்.

6

ஒரு நாள் காலை அவள் வழக்கத்துக்கு முந்தி வந்து, மெசினுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். நான் காணவில்லை. கவ்விகளை இறுக்கிவிட்டு, பையிலிருந்து போத்தலை எடுத்து, கையுறையைக் கழற்றி, என் குருசைப் போட்டேன்.

"அப்பா, என்ன செய்யிறீங்கள்?"

அவள் தமிழில் கேட்டாள். வேலைத்தலத்தில் அவள் என்னோடு தமிழ் கதைத்தது அதுதான் முதல் தடவை. போத்தலை மறைக்கப் பார்த்தேன்.

"ஒண்டுமில்லை."

"எண்ணெயே?"

"பெரியப்பான்ரை எண்ணெய்."

அவள் கிட்ட வந்து குனிந்து பார்த்தாள். நான் போட்ட குருசு மேலே மங்கலாகத் தெரிந்தது. மிச்ச எண்ணெய் பொருத்தின் இடுக்கு வழியே உள்ளே இறங்கி, நூல் போல ஓடிக்கொண்டிருந்தது. இறுக்கிப் பொருத்திய இரண்டு விளிம்புக்கு நடுவில் எண்ணெய் தானாகவே இழுபட்டுப் போகும். எனக்கும் அது தெரியும். அப்போதுதான் அது எண்ணெய் என்று என் கண்ணுக்குத் தெரிந்தது.

எவ்வளவு நாளாக என்று கேட்டாள். அண்ணையின் அடக்கத்துக்குப் போய் வந்ததிலிருந்து என்றேன். அவள் கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் கவ்விகளைத் தளர்த்தி, தகடுகளைப் பிரித்து, ஸ்பிரிட் துணியால் இரண்டு விளிம்பையும் திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு தானே பொருத்தி இறுக்கினாள்.

"இப்ப தொடங்குங்கோ" என்றாள்.

அன்றைய துண்டு வெடிக்காமல் வழுவழுவென்று வளைந்தது. அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, கோபம் என்று எடுத்துக்கொண்டேன். துண்டை மேசையில் வைத்துவிட்டு, நேரே கோப்பி அறைப் பக்கம் போனாள்.

7

அந்தக் கிழமைக் கூட்டத்தில் அவள் எழுந்து, காரணம் பிடிபட்டுவிட்டது என்றாள். விளிம்பில் எண்ணெய் பட்டிருக்கிறது. துடைத்து மேசைக்கு வந்த பிறகும் கை படுவதற்கு இடம் இருக்கிறது. துடைக்கும் முறையை எழுதியவள் தான்தான், அதில் குறை இருக்கிறது. இனி மேசையில் வைத்தபிறகு ஒருதரம் துடைத்து, உடனே தொடங்க வேண்டும். இவ்வளவுதான் சொன்னாள். என் பெயரைச் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை.

எங்கிருந்து வந்த எண்ணெய் என்று ஒருவரும் கேட்காதது எனக்கு ஆச்சரியம். தூரே தன் கோப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்களும் அப்படித்தான். நானும் என் கோப்பையைப் பார்த்தேன்.

அன்றைக்கே நான் எழுந்து சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? செத்த அண்ணனின் எண்ணெயைக் கப்பல் தகட்டில் பூசினேன் என்றா? அந்த மொழியில் அதை எப்படிச் சொன்னாலும் பைத்தியக்காரன் சொன்னது போலத்தான் இருக்கும் என்று பட்டது. அண்ணையின் குருசை அவர்கள் வாயில் போட்டு மெல்ல விடக்கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உண்மையில் எனக்குப் பயம். இத்தனை வருடமாகக் கட்டிவைத்த பேர் போய்விடும் என்ற பயம். அதற்காகப் பிழையை மகளின் தலையில் விட்டுவிட்டு, அவளுடைய நிரந்தரம் என்னவாகும் என்று நெஞ்சுக்குள் புழுங்கிக்கொண்டு திரிந்தேன். அவளிடம் கேட்கவும் வாய் எழவில்லை.

அதன்பிறகு வேலைத்தலத்தில் எல்லோரும் என்னோடு கொஞ்சம் மெதுவாகப் பழகினார்கள். ஒருவன் கேக் துண்டு கொண்டுவந்து வைப்பான். இன்னொருவன் பாரமான தகட்டைத் தூக்க ஓடிவருவான். அனுபவசாலிக்கு மரியாதை என்று நினைத்தேன். இதை எழுதும்போது காது சுடுகிறது.

8

இனிக் குருநகர்.

நேற்று காலை திருப்பலி. அனிற்றா முழங்காலில் நின்றாள். மதியம் வீட்டில் உறவுக்கும் தெருவுக்கும் சாப்பாடு. பந்தலுக்குக் கீழே எல்லோரும் இருந்து சாப்பிடும்போது மச்சாள் தொடங்கினா. தம்பி அங்கே நோர்வேயில் எவ்வளவு பெரிய மெசினில் நிற்கிறார், ஆனாலும் எங்கள் அந்தோனியாரின் எண்ணெயில் குருசு போடாமல் ஒரு நாளும் தொடங்குவதில்லை என்று ஒவ்வொரு பந்திக்கும் சொன்னா. வெளிநாட்டுக் கப்பலுக்கும் எங்கள் அந்தோனியார்தான் காவல் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அண்ணையோடு ஒரே படகில் கடலுக்குப் போன மனுவேல் அண்ணை அனிற்றாவைப் பார்த்தார். எங்கள் பிள்ளைகளுக்கு ஊர் வழக்கம் தெரிகிறதா என்று சோதிக்கிற ஆசை எல்லோருக்கும் உண்டு.

"என்ன மகள், கொப்பர் அங்கை குருசு போடுறதை நீர் கண்டனீரோ?"

நான் இலையைப் பார்த்தேன். அவள் ஒரு வசனம் சொன்னால் போதும், பந்தல் முழுக்க நான் நாறிப்போவேன். சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"ஓம். ஒவ்வொரு நாளும் போடுறவர். நான் கண்டனான்" என்றாள்.

மச்சாள் அவளுடைய கன்னத்தைத் தடவிவிட்டுப் போனா.

அங்கே ஒளித்துவிட்டு, இங்கே அதற்கே புகழ் வாங்கிச் சாப்பிடுகிறேன். இரண்டு இடத்திலும் என்னைத் தாங்கிப் பிடிப்பவள் அவள். கை கழுவிவிட்டு நேரே கடற்கரைக்குப் போனேன். நோர்வேயில் அப்போது காலை நேரம். அண்ணையின் படகுக்குப் பக்கத்தில் நின்று தூரேக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த எண்ணெய் என்னுடையது, பிழை என்னுடையது, அனிற்றாவுடையது இல்லை என்று, இலக்கணம் பார்க்காமல், வந்த சொல்லில் சொல்லி முடித்தேன்.

"அது எங்களுக்குத் தெரியும், பெனடிக்ற்" என்றான் தூரே.

எண்ணெயைக் கண்ட அன்று காலை என் மெசினிலிருந்து அவள் நேரே கோப்பி அறைக்குப் போய், அங்கே இருந்தவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். பெரியப்பா மீனவர். கடலுக்குப் போகமுன் படகில் இப்படித்தான் போடுவார். அப்பாவிடம் அவருடையது என்று மிச்சம் இருப்பது அந்த எண்ணெய் மட்டும்தான். "என்னுடைய அப்பாவும் மீனவர், உனக்குத் தெரியும்தானே" என்றான் தூரே. எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை.

"அவள் ஒன்றுதான் கேட்டாள். நீயாகச் சொல்லும்வரை ஒருவரும் உன்னிடம் இதைப் பற்றிக் கேட்கக்கூடாது என்று."

படகில் சாய்ந்துகொண்டேன். அவளுடைய நிரந்தரத்துக்கு இதனால் பிரச்சினை வராதா என்று கேட்டேன்.

"அது எப்போதோ முடிந்த விஷயம். அவள் உனக்குச் சொல்லவில்லையா?"

"சொன்னாள். நான்தான் மறந்துவிட்டேன்" என்று பொய் சொன்னேன்.

அவன் வைத்த பிறகும் அங்கேயே நின்றேன். கேக் துண்டு, தகடு தூக்க வந்த கைகள், கூட்டத்தில் குனிந்த தலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒளித்துவிட்டேன் என்று நினைத்தவன் நான் ஒருவன்தான். ஆனால் என்னைக் கூசவைத்தது அது இல்லை. அண்ணையை அந்த மனிதர்களுக்கு முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. செபமாலை சொல்லாத, எங்களுடையவள் இல்லை என்று நான் சொன்ன பிள்ளைக்கு அதில் ஒரு வெட்கமும் இருக்கவில்லை. என் அண்ணையை, நான் ஒரு வரிக்கு மேல் சொல்லத் தெரியாத மொழியில், அவள் முழுதாகச் சொல்லியிருக்கிறாள்.

9

இன்று பெட்டி அடுக்குகிறோம். மச்சாள் கெபியிலிருந்து புது எண்ணெய் எடுத்து, அதே போத்தலை நிரப்பித் தந்தா. அதை வாங்கும்போது அவவிடம் எதுவும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அனிற்றா வந்து வாங்கினாள். மூடியை இறுக்கி, பொலித்தீன் பையில் சுற்றி, அதற்கு மேல் பசை ரேப் ஒட்டினாள்.

"நேற்று கடற்கரையிலை நிண்டு யாரோடை அப்பா கதைச்சனீங்கள்?"

"தூரேயோடை."

ரேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சொன்னீங்களோ?"

"ஓம்."

அந்த முதல் கூட்டத்தில் நான் அவளைச் சொன்னதைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று இருந்தது. மன்னிப்பு என்ற சொல்லை எங்கள் வீடுகளில் கோயிலுக்குள்ளே மட்டும்தான் சொல்லிப் பழக்கம். பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு எந்த மொழியிலும் தெரியவில்லை. உனக்கு வேலை நிரந்தரமானதைத் தூரே சொன்னான் என்றுதான் வாயில் வந்தது.

"ம்" என்றாள். சுற்றிய போத்தலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "நீங்கள் கேப்பீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றாள்.

போத்தலை என் பெட்டியில் வைக்கவில்லை. தன்னுடைய பெட்டியில், உடுப்புகளுக்கு நடுவில் வைத்தாள். பெட்டி மூடவில்லை. அமத்திப் பிடிக்கச் சொன்னாள். இரண்டு கையாலும் அமத்தினேன். அவள் குனிந்து பெட்டியின் ஸிப்பை இழுத்துக்கொண்டே சொன்னாள்:

"மெசின்ரை காலிலை பூசுங்கோ அப்பா. தகட்டிலை வேண்டாம்."

ஓம் என்றேன். பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னேன்.